கியூபெக் முன்னோரைத் தேட: இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கனடாவின் கியூபெக்கில் வாழ்ந்த முன்னோர் ஒருவர் பங்குக் கோயில் (ஊர்க் கத்தோலிக்கக் கோயில்) பதிவேட்டில் திடீரென்று காணாமல் போனால், குடும்பப் பெயரின் மறுபாதியைப் போட்டுத் தேடுங்கள். 'ஹூடோன்' கிடைக்காவிட்டால் 'போலியூ'.

அங்கே பல குடும்பங்களுக்கு 'ஹூடோன் என்கிற போலியூ' என்பது போல இரட்டைப் பெயர் இருந்தது. 1665-ல் பிரான்சிலிருந்து வந்த கரிஞான்-சாலியேர் படையின் வீரர்கள் பலர் அங்கேயே குடியேறியபோது, படையில் வைத்த பட்டப்பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் பதிவாகியிருப்பது சகஜம். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் தேட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் பங்குக் கோயில் பதிவேட்டில் அந்தப் பெயரே தொடர்ந்தது. என்னைக் கேட்டால் திருமணப் பதிவிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் கல்யாணமாக இருந்தால் பெரும்பாலும் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் அதிலேயே கிடைத்துவிடும், ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே போய்விடலாம். மறுமணப் பதிவில் பல நேரம் பெற்றோருக்குப் பதிலாக இறந்துபோன துணையின் பெயர்தான் இருக்கும்.

அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு இந்த வழி போதாது. அங்கே பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'புவாவேர்' 'கிரீன்வுட்' ஆனதுண்டு, 'ருவா' 'கிங்' ஆனதுண்டு. கனடாவின் கிழக்குக் கரையோரத்தில் இருந்த அகேடியா என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தின் குடும்பங்களிலும் சிரமம்தான். பிரிட்டிஷார் 1755-ல் அவர்களை நாடு கடத்தத் தொடங்கியதில் பல பங்குப் பதிவேடுகளே தொலைந்துவிட்டன.