காந்தம் ஒட்டாத பலமான ஸ்டீல்: பட்டறையிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டுவார். ஒட்டவில்லையா, "ஒரிஜினல் சார்" என்பார். காயலான் கடையிலும் இதே கதைதான். ஆனால் காந்தத்துக்குத் தெரிவது, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மட்டும்தான். பலத்தைப் பற்றி அது வாயே திறக்காது. காந்தம் நன்றாக ஒட்டும் 430 என்ற ரகமும் துருப்பிடிக்காத ஸ்டீல்தான்.

வேண்டியவை: சின்ன நியோடிமியம் காந்தம், தையல் நூல், 304 ரக (நிக்கல் சேர்த்த எவர்சில்வர்) தகட்டுத் துண்டு ஒன்று, ஜல்லி கிரஷரில் தேய்ந்து கழற்றிப் போட்ட ஜா பிளேட் (கல்லைக் கடித்து நொறுக்கும் தட்டு) துண்டு ஒன்று, சுத்தியல், அரம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

படி 1: காந்தத்தைத் தொங்கவிடுங்கள்

காந்தத்தைக் கையில் பிடித்தால் மெல்லிய இழுப்பு தெரியாது. நூலில் கட்டி, 304 தகட்டின் தட்டையான பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அநேகமாக அசையாது. நிக்கல் சேர்த்திருப்பதால் இரும்பு இங்கே ஆஸ்டெனைட் என்ற அமைப்பிலேயே நின்றுவிடுகிறது. அந்த அமைப்பைக் காந்தம் இழுப்பதில்லை.

படி 2: மடக்குங்கள்

அதே தகட்டை வைஸில் பிடித்து நாலைந்து முறை மடக்கி நிமிர்த்துங்கள். மடிந்த கோட்டருகே காந்தம் இப்போது சாயும். குளிர்ந்த நிலையில் வளைத்ததால் ஆஸ்டெனைட்டில் ஒரு பகுதி மார்டென்சைட் என்ற வேறொரு அமைப்பாக மாறிவிட்டது. அதைக் காந்தம் இழுக்கும். சிங்க்கின் மூலையில் காந்தம் லேசாகப் பிடித்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

படி 3: பலத்தை எண்ணில் பாருங்கள்

அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) 304-க்கு விதிமுறை கேட்கும் குறைந்தபட்ச ஈல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 205 மெகாபாஸ்கல். சாதாரண மைல்டு ஸ்டீலே 250 தருகிறது. வளைத்தோ இழுத்தோ 304-ஐப் பலப்படுத்தலாம். ஆனால் படி 2-இல் பார்த்தபடி காந்தம் ஒட்டத் தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பவை மாங்கனீசும் நைட்ரஜனும். நைட்ரஜன் அணுக்கள் இடுக்குகளில் உட்கார்ந்து பலத்தைக் கூட்டும், ஆஸ்டெனைட்டையும் கலையவிடாது. நைட்ரானிக் 50 என்ற ரகம் அனீல் செய்த நிலையிலேயே 380 மெகாபாஸ்கல் தாங்கும். அடித்து இறுக்கினாலும் காந்தத்துக்கு மசியாது.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, திசைகாட்டும் கருவியைச் சுற்றியிருக்கும் டிரில் காலர் என்ற கனமான குழாய் இப்படிப்பட்ட ஸ்டீலில்தான் இருக்க வேண்டும். கருவி பூமியின் காந்தப்புலத்தைப் பார்த்துத்தான் திசை சொல்கிறது. காலரே காந்தமானால் கிணறு வேறு பக்கம் போய்விடும். மின்நிலைய ஜெனரேட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ரோட்டரின் (சுழலும் பகுதியின்) முனைச் சுருள்கள் பிய்த்துக்கொண்டு பறக்காமல் பிடித்திருக்கும் வளையமும் இதே குடும்பம். முன்பு 18 சதவீத மாங்கனீசும் 5 சதவீத குரோமியமும் போட்டார்கள். ஈரம் பட்டால் இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து விரிசல் விட்டதால் குரோமியத்தையும் 18 ஆக்கிவிட்டார்கள்.

படி 4: ஜா பிளேட்டை அடியுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் ஷெஃபீல்டில் கண்டுபிடித்த மாங்கனீஸ் ஸ்டீல் இது. மாங்கனீஸ் 12 முதல் 14 சதவீதம், கார்பன் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். முதலில் கிரஷரில் அடிபடாத பின்பக்கத்தில் ஒரு இடத்தைக் கிரைண்டரில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். மேல்தோலில் கார்பன் எரிந்து போயிருந்தால் அங்கே மட்டும் காந்தம் கொஞ்சம் பிடிக்கும், குழப்பிவிடும்.

தேய்த்த இடத்தை அரத்தால் ராவிப் பாருங்கள், ஓரளவு கடிக்கும். பிறகு அதே இடத்தில் சுத்தியலால் தொடர்ந்து தட்டிவிட்டு மறுபடி ராவுங்கள். அரம் வழுக்கத் தொடங்கும். சுமார் 200 பிரினெல் (கடினத்தை அளக்கும் அலகு) கடினம், வேலையில் அடி வாங்க வாங்க மேற்பரப்பில் 500 வரை ஏறும். காந்தமோ அப்போதும் ஒட்டாது. ரயில் பாதைக் கிராசிங்கில் இதைப் போடுவது, அடி வாங்க வாங்கக் கடினமாவதால்தான்.

படி 5: துளை போடும்போது

டிரில்லை ஒரே இடத்தில் உரச விட்டீர்களோ, தொலைந்தது. துளையின் அடிப்பகுதி கெட்டியாகி அடுத்த பிட்டையும் தின்றுவிடும். கார்பைடு பிட், குறைந்த வேகம், நிறுத்தாமல் சீரான அழுத்தம். மாங்கனீஸ் ஸ்டீலை வெல்டிங் செய்தால் பாஸ்களுக்கு (ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் வெல்டிங் வரிகளுக்கு) நடுவே சூடு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்டீலுக்குள் கார்பைடு தனியாகப் பிரிந்து, ஸ்டீல் எளிதில் நொறுங்கும்.

வாங்கும்போது

டெஸ்ட் சர்டிபிகேட்டில் காந்த ஊடுருவுதிறன் (காந்தம் எவ்வளவு ஒட்டும் என்பதைக் காட்டும் எண்; 1-ஐ ஒட்டியிருந்தால் ஒட்டாது) இருக்கிறதா பாருங்கள். டிரில் காலருக்கு 1.01-க்குக் கீழே கேட்பார்கள். அந்த எண்ணை அனீல் செய்த கம்பியில் எடுத்தார்களா, கடைசி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு எடுத்தார்களா என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.