ஜிஎஃப்எஸ்2-வில் சிபியூ எகிறினால் எங்கே தேடுவது

ஜிஎஃப்எஸ்2 என்பது பல சர்வர்கள் (நோடுகள்) ஒரே டிஸ்கைப் பகிர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்; ஒருவர் எழுதுவதை மற்றவர் கெடுக்காமலிருக்க நோடுகள் லாக் போட்டுக்கொள்ளும். நோடு திணறுகிறது என்றதும் பலர் லோடு ஆவரேஜை மட்டும் பார்த்துவிட்டு சிபியூ போதவில்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். லினக்ஸில் லாக் கிடைக்காமல் 'டி' நிலையில் தூங்கும் ப்ராசஸும் லோடு கணக்கில் சேரும், அதனால் லோடு 40 என்று காட்டும்போதே சிபியூ சும்மா உட்கார்ந்திருக்கலாம். டாப் கமாண்டில் யூசர், சிஸ்டம், வெயிட் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சரி, சிபியூ நிஜமாகவே ஓடுகிறது. யார் ஓட்டுகிறார்கள்?

டிஎல்எம்_கண்ட்ரோல்டி-யும் (நோடுகளுக்கிடையே லாக்கை நிர்வகிக்கும் டிஎல்எம்-மின் டீமன்) கோரோசிங்க்கும் (நோடுகளுக்கிடையே செய்தி கடத்துவது) பட்டியலில் மேலே நின்றால், ஏதோ ஒரு அப்ளிகேஷன் எஃப்சிஎன்டிஎல் லாக்கை (அப்ளிகேஷனே ஃபைலுக்குக் கேட்டுப் போடும் லாக்) போட்டுத் தள்ளுகிறது என்று சந்தேகப்படலாம். அந்த வகை லாக் கெர்னலுக்குள்ளேயே முடிவதில்லை, யூசர் ஸ்பேஸுக்கு வந்து கோரோசிங்க் வழியாக மற்ற நோடுகளுக்கும் தெரிய வேண்டும். 'டிஎல்எம்_டூல் பிலாக்ஸ்' என்று கொடுத்து, கூடவே லாக்ஸ்பேஸ் பெயரை (அந்த ஃபைல் சிஸ்டத்தின் பெயர்) சேர்த்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். லோக்கல்ஃப்ளாக்ஸ் மவுண்ட் ஆப்ஷன் போட்டால் வேகம் வருமே என்று ஆசைப்படாதீர்கள். அப்போது லாக் அந்த நோடோடு நின்றுவிடும், இரண்டு நோடும் ஒரே ஃபைலில் எழுதினால் டேட்டா போச்சு.

மேலே நிற்பது ஜிலாக் (ஜிஎஃப்எஸ்2 தானே போடும் உள் லாக்) வொர்க்க்யூ, டிஎல்எம் த்ரெட்கள் என்றால், பெரும்பாலும் நோடுகள் ஒரே இனோடுக்கு (ஒரு ஃபைல் அல்லது டைரக்டரியின் பதிவு) இழுபறி செய்கின்றன. டீபக்எஃப்எஸ் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் ஃபைல் சிஸ்டம்) அடியில் ஜிஎஃப்எஸ்2 ஃபோல்டருக்குள், உங்கள் ஃபைல் சிஸ்டத்தின் பெயருள்ள ஃபோல்டரில் ஜிலாக்ஸ் என்ற ஃபைல் இருக்கும். அதை எல்லா நோடிலும் ஒரே நேரத்தில் எடுத்து லோக்கல் டிஸ்கில் சேமியுங்கள் (ஜிஎஃப்எஸ்2 மேலேயே சேமித்தால் நீங்களும் அதே வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான்). ஒரு நோடில் மட்டும் எடுத்துப் பயனில்லை, காத்திருப்பவர் இங்கே, பிடித்திருப்பவர் அங்கே என்றுதான் இருக்கும். 'எச்' என்று தொடங்கும் வரிகளில் 'டபிள்யூ' ஃப்ளாக் இருந்தால் அந்த ப்ராசஸ் காத்திருக்கிறது, பிஐடியும் பக்கத்திலேயே இருக்கும். அதற்கு மேலுள்ள 'ஜி' வரியில் 'என்:2/' என்றிருந்தால் இனோடு, பின்னால் வரும் எண் ஹெக்ஸ். அதை டெசிமலாக்கி ஃபைண்ட் கமாண்டின் '-inum' ஆப்ஷனில் கொடுத்தால் எந்த ஃபைல், எந்த டைரக்டரி என்று கிடைத்துவிடும். ஆனால் ஃபைண்ட் ஓடும்போது அதுவும் ஆயிரக்கணக்கில் லாக் கேட்கும், கூட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

என் அனுபவத்தில் வழக்கமான குற்றவாளி, எல்லா நோடும் ஃபைல் போட்டு எடுக்கும் ஒரே பெரிய டைரக்டரிதான். நோடுக்கு ஒரு துணை டைரக்டரி என்று பிரித்துவிட்டால் பாதி இரைச்சல் அடங்கிவிடும். அப்புறம் நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தை எழுதாமலிருக்கும் ஆப்ஷன்) போட்டு மவுண்ட் செய்யுங்கள், பேக்கப்பை ஒரே நோடில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபைல் பெயர்களைப் பட்டியலிட டிஸ்க் முழுவதையும் துழாவும் அப்டேட்டிபி இந்தப் பக்கம் வராமல், அது தவிர்க்க வேண்டியவற்றின் ப்ரூன்எஃப்எஸ் பட்டியலில் ஜிஎஃப்எஸ்2 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

'என்:3/' வரிகளில் கூட்டம் தெரிந்தால் அது ரிசோர்ஸ் குரூப், அதாவது எந்த பிளாக் காலி என்ற பிட்மேப்பை வைத்திருக்கும் டிஸ்க் பகுதி. டிஸ்க் நிரம்ப நிரம்ப, காலி பிளாக் தேடி பிட்மேப்பைத் துழாவுவதிலேயே சிபியூ போய்விடும். 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இடத்தைக் காலி செய்யுங்கள்.