பாதி டேங்கில் மட்டும் நின்றுபோன ஜீப்

கோவையில் நடக்கும் ஆஃப்ரோடு (சாலையில்லாத காடுமேட்டில் ஓட்டும்) போட்டிக்கு என் பழைய டீசல் ஜீப்பைத் தயார்செய்து கொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு குறையும் இல்லை, மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்து மேட்டில் ஏறும்போது மட்டும் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துவிடும், அப்புறம் ஏர் லாக் (டீசல் குழாயில் சிக்கிய காற்று) எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். டீசல் ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்ப், குழாய் இணைப்புகளின் செப்பு வாஷர்கள் எல்லாம் மாற்றியாயிற்று. இன்ஜினுக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பெரிய பம்பையே கழற்ற வேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணன். ஐந்து நாள் வீண்.

டேங்க் நிறைய இருந்த நாளில் இது வரவே இல்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது. எடை குறையட்டும் என்று பாதி டீசலோடு ஓட்டியபோதுதான் தொல்லை. சரி என்று ஃபில்டருக்கு முன்னால் ஒரு அடி, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, வண்டியைச் சரிவில் நிறுத்தி ஓடவிட்டேன். கடுகு கடுகாகக் குமிழி! அப்படியானால் காற்று ஃபில்டருக்கு முன்னாலேயே, டேங்க் பக்கம் நுழைகிறது.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை எடுத்து, அடிவாயை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி ஊதினேன் (டீசல் ருசி சாயங்காலம் வரை போகவில்லை). கீழிருந்து மூன்று விரல் உயரத்தில், துருவுக்கு அடியில் ஊசிமுனை ஓட்டை. சமதளத்தில் அது டீசலுக்குள் மூழ்கியிருக்கும். மேட்டில் டீசல் பின்னால் ஒதுங்கியதும் காற்றை இழுத்திருக்கிறது. பித்தளை வைத்துப் பற்றவைத்தேன். அதே மேடு, அதே பாதி டேங்க், வண்டி நின்றபடி இன்ஜின் இருபது நிமிடம் அணையாமல் ஓடியது.