மாத்திரையை நிறுத்துவதற்கு முன்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எச்.ஐ.வி. செலவைச் சமாளிப்பது எப்படி

கையில் காசு இல்லை என்பதற்காக எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலேசியக் குடிமக்களுக்கு முதல் வரிசை மருந்துகள், அதாவது சிகிச்சை தொடங்கும்போது தரப்படும் மருந்துகள், அரசு மருத்துவமனைகளில் 2006 முதல் இலவசம். ஆனாலும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மாத்திரையின் விலை அதற்குக் காரணமல்ல. பஸ் காசு, கிராப் காசு, போகும் நாளில் பிடிபடும் சம்பளம், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், இவைதான் ஆளை வீட்டிலேயே உட்கார வைக்கின்றன. அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கான தொடர் வருகைக் கட்டணம் 5 ரிங்கிட். அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு, 26 வேலை நாளால் வகுத்தால், ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 65 ரிங்கிட். கவுண்டரில் 5 ரிங்கிட் கட்டும் அன்றைக்கே சம்பளத்தில் 65 போகிறது. குறைக்க வேண்டியது அந்த 65-ஐத்தான்.

தனியார் கிளினிக்கில் பணம் கட்டி மருந்து வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது அரசுச் சிகிச்சைக்கு மாறுவது. தனியார் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மருந்தின் பெயரும் அளவும், தொடங்கிய தேதி, கடைசி சிடி4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு), கடைசி வைரல் லோட் (இரத்தத்தில் வைரஸின் அளவு), மருந்து ஒவ்வாமை இருந்தால் அதுவும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் பரிசோதனைகளை மறுபடி எடுக்கச் சொல்வார்கள், நாளும் தள்ளிப்போகும். முதல் அப்பாயின்மெண்ட் கிடைக்கச் சில வாரம் ஆகலாம் என்பதால், கையில் ஒரு மாத மருந்தாவது இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கோலாலம்பூர் பக்கம் கோலாலம்பூர் மருத்துவமனை, சுங்கை பூலோ மருத்துவமனை; பினாங்கில் ஜார்ஜ்டவுனில் இருக்கும் பினாங்கு பொது மருத்துவமனை, அக்கரையில் செபராங் ஜெயா மருத்துவமனை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை சுகாதார அமைச்சின் கீழ் வருவதில்லை. அங்கே கட்டணம் வேறு, போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைரல் லோட் அடங்கி உடல் நிலையாக இருந்தால், வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கும் பல கிளினிக்குகள் எச்.ஐ.வி. தொடர் சிகிச்சையைப் பார்க்கின்றன. தெரிந்தவர் கண்ணில் படும் பயம் இருந்தால் பக்கத்து ஊர்க் கிளினிக்கைச் சொல்லுங்கள், ஆனால் அங்கே போய்வர ஆகும் செலவையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை எடுக்க மட்டும் வேலைக்கு லீவு போடாதீர்கள். மருத்துவரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒரு முறைதான். இடையில் வருவது மிச்ச மருந்தை எடுக்கும் நாள். அதற்கு மருந்தகக் கவுண்டரில் இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். ஒன்று ‘உபாட் மெலாலுய் போஸ்’, அஞ்சலில் மருந்து. அஞ்சல் செலவு உங்களுடையது, ஆனாலும் ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். இன்னொன்று ‘எஸ்பியூபி’, அதாவது மிச்ச மருந்தை உங்களுக்கு வசதியான வேறோர் அரசு மருந்தகத்தில் எடுத்துக்கொள்ளும் முறை. எச்.ஐ.வி. மருந்து எல்லாச் சின்ன கிளினிக்கிலும் கைவசம் இருக்காது. எந்த மருந்தகம், எந்தத் தேதி என்று முன்கூட்டியே பதிவு செய்யாமல் நேரே போய் நின்றால் வெறும் கையோடு திரும்ப வேண்டிவரும். 30 மாத்திரைப் புட்டியில் 7 மீதி இருக்கும்போதே அடுத்த மருந்து எங்கிருந்து வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டா என்று பாருங்கள். 1955 வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவ விடுப்புச் சான்றான எம்.சி. கிடைக்காமல், வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் சிலிப் மட்டும் கிடைத்தால், அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். தொற்றுநோய்ப் பிரிவின் பெயர் தெரிந்தால், மருத்துவமனையின் பொது முத்திரை போட்டுத் தர முடியுமா என்று அங்கேயே பணிவாகக் கேளுங்கள். அலுவலகத்தில் கொடுத்தபின் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இனிச் செலவு உண்மையிலேயே கூடும் இடத்துக்கு வருவோம். முதல் வரிசை மருந்து வேலை செய்யாமல் போனால் இரண்டாம் வரிசைக்கு மாற வேண்டும், அங்கே நோயாளி பணம் கட்ட வேண்டிய நிலை வரலாம். பெரும்பாலும் இது மருந்தை விட்டு விட்டுச் சாப்பிடுவதால் வருவது. எஃபாவிரென்ஸ் என்ற மருந்து கலந்த மாத்திரையை உதாரணமாகப் பாருங்கள். அதை நிறுத்தினால் கூட இருக்கும் மருந்துகள் சீக்கிரம் உடலைவிட்டு வெளியேறிவிடும், எஃபாவிரென்ஸ் மட்டும் பல நாள் இரத்தத்தில் தங்கும். அந்த ஒற்றை மருந்தை எதிர்த்து வளர வைரஸ் பழகிக்கொள்ளும். பிறகு அதே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் பலன் இருக்காது. ‘இந்த மாதம் கஷ்டம், அடுத்த மாதம் தொடங்கிக்கொள்ளலாம்’ என்று நினைத்தால், மிச்சமாகும் பஸ் காசைவிடப் பல மடங்கு பின்னால் கொடுக்க நேரும். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வயிற்று எரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தோ, வெறும் வயிற்றில் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோ அதன் பலனைக் குறைக்கும். இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைச் சாப்பிடுங்கள்.

இரண்டாம் வரிசைக்குப் பணம் கட்டச் சொன்னால், கட்ட முடியாது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனையின் ‘கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ பிரிவுக்கு, அதாவது மருத்துவச் சமூகப் பணியாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கட்டண விலக்குக்கும் சுகாதார அமைச்சின் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ நிதிக்கும் வழி அவர்தான். மலேசிய எய்ட்ஸ் அறவாரியத்துக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கான மருந்து உதவித் திட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குத் தனி நிதி உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு: முதலில் அனுமதி, பிறகுதான் வாங்குவது. கடன் வாங்கி மருந்தை வாங்கிவிட்டு ரசீதைக் காட்டி மீட்கலாம் என்று நம்பாதீர்கள்.

சமூகப் பணியாளரைப் பார்க்கப் போகும்போது ஒரு கோப்பைக் கையில் கொண்டுபோங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய ஐசி நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வாடகை ஒப்பந்தம், தண்ணீர் மின்சார பில், அரசின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுவதற்கான சான்று. தினக்கூலிக்காரர்களுக்கும் ஒட்டுக்கடை வைத்திருப்பவர்களுக்கும் சம்பளச் சீட்டு இருக்காது. வருமானத்தைச் சத்தியப் பிரமாணமாக எழுதிச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் கையொப்பம் வாங்கலாம். விண்ணப்பம் இழுத்தடிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள் குறைவதால்தான். செலவு விவரத்தைக் கேட்டால் தயங்காமல் மருந்து, பயணம், பள்ளிச் செலவு, கடன் தவணை எல்லாம் சொல்லுங்கள். கெளரவத்துக்காகக் குறைத்துச் சொன்னால் உதவியும் குறையும்.

வீட்டுச் செலவுக்கே திண்டாட்டம் என்றால் சமூகநலத் துறையான ஜே.கே.எம்.மின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் செய்யுங்கள். வேலை செய்ய முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர்களுக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. வயது 60-க்குள் இருக்க வேண்டும், முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு இது கிடைப்பது அரிது. சந்தா நிபந்தனையும் உண்டு: முழுத் தகுதிக்கான வழிகளில் ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா. வேலையை விட்டுச் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டுப் போனால் அந்த 40 மாதக் கணக்கு கைநழுவிவிடும். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்பே சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இ.பி.எஃப்.இல் 55 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 2024 மே 11 முதல் ‘அக்காவுன் ஃப்ளெக்சிபெல்’ இருக்கிறது. குறைந்தது 50 ரிங்கிட், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம், நோயின் பெயரை யாருக்கும் காட்டவும் வேண்டாம். அவசரப் பயணச் செலவுக்கு வட்டிக்காரரிடம் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

வருமான வரி கட்டுகிறவர்கள் மறந்துபோகும் ஒன்று: கடும் நோய்ச் சிகிச்சைக்கான வரி விலக்குப் பட்டியலில் எய்ட்ஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. 2023 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உச்ச வரம்பு 10,000 ரிங்கிட். மருத்துவரின் சான்றும் ரசீதுகளும் தேவை. ரசீதை ஏழு வருடம் வைத்திருங்கள், வெப்பத் தாளில் வரும் எழுத்து மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு நிலைமை கடினம், அதை மறைப்பதற்கில்லை. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. யு.என்.எச்.சி.ஆர். (ஐ.நா. அகதிகள் அமைப்பு) அட்டை உள்ள இலங்கைத் தமிழர்களுக்கு அந்தக் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு, பதிவுக் கவுண்டரிலேயே அட்டையைக் காட்டுங்கள், பில் அடித்தபின் மாற்றுவது சிரமம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பினால் அங்கே அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையங்களில் மருந்து இலவசம், 2004 முதல் இருக்கும் திட்டம் அது. கிளம்பும்போது மருந்து விவரமும் கடைசிப் பரிசோதனை முடிவும் எழுதிய கடிதத்தையும், குறைந்தது ஒரு மாத மருந்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று மருந்து வாங்க நினைத்தால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவான மருந்தில் ‘மால்’ (MAL) என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். இல்லாவிட்டால் வேண்டாம்.

தனியாகக் கவுண்டர் கவுண்டராக அலைய முடியாதவர்களுக்குத் துணை வர ஆட்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் பி.டி. அறவாரியம், மலேசிய எய்ட்ஸ் மன்றம்; பினாங்கில் கம்யூனிட்டி எய்ட்ஸ் சர்வீஸ் பினாங்கு. தாங்களே எச்.ஐ.வி.யோடு வாழும் சக ஆதரவாளர்களை அறிமுகப்படுத்தி வைக்க முடியுமா என்று மருத்துவமனையிலும் கேட்கலாம். எந்தப் படிவம் எந்த அறையில், யாரிடம் கேட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.