பல்லைப் பிடித்திருக்கும் ஐந்து நார்க்கட்டுகள்: மறக்காமல் வரைவது எப்படி?

பெரியோடான்டல் லிகமென்ட் (பல்வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் திசு) நார்களின் பட்டியலை மூன்று முறை மனப்பாடம் செய்து மூன்று முறையும் மறந்தவன் நான். கடைசியில் வரைந்து பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. எனாமல் என்பது பல்லின் வெளியே தெரியும் பகுதியை மூடும் உறை, சிமெண்டம் என்பது வேரை மூடும் உறை, இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: இரண்டு வேர் உள்ள கீழ்க் கடைவாய்ப் பல்லை வரையுங்கள். ஒற்றை வேர்ப் பல்லில் ஐந்தாவது கட்டு (வேர்கள் பிரியும் கவட்டையில் இருப்பது) கிடையாது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். நிஜத்தில் அது சுமார் 0.2 மி.மீ. தான், வேரின் நடுப்பகுதியில் இன்னும் குறுகல், ஆனால் படத்தில் அப்படி வரைந்தால் நாருக்கு இடமிருக்காது. பென்சில் போதும். ஸ்கெட்ச் பேனாவைத் தொடாதீர்கள், கோடு தடித்துச் சாய்வே தெரியாமல் போய்விடும்.

படி 2: எனாமலும் சிமெண்டமும் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து எலும்பின் விளிம்புக்குக் கீழ்நோக்கிச் சரியும் கோடுகள். இவை அல்வியோலார் கிரெஸ்ட் நார்கள், பல் தன் எலும்புக் குழியைவிட்டு மேலே கிளம்பாமல் இழுத்துப் பிடிப்பவை. அதற்கு அடியில் படுக்கையாகச் சில கோடுகள். பல் பக்கவாட்டில் சாயாமல் தடுப்பவை.

படி 3: நான் சறுக்கிய இடம் இதுதான். மூன்றாவது கட்டான சாய்வு நார்களையும் முதல் கட்டு மாதிரியே எலும்பை நோக்கிக் கீழே சரித்து வரைந்து வைத்திருந்தேன். கடிக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது: பல் குழிக்குள் அமுங்கப் பார்க்கிறது, அதைத் தாங்க வேண்டுமென்றால் ஊஞ்சல் கயிறு மாதிரி கட்டிய முனை மேலேயும் சுமை தொங்கும் முனை கீழேயும் இருக்க வேண்டும். அதாவது எலும்பில் பதியும் முனை உயரத்தில், சிமெண்டத்தில் பதியும் முனை தாழ்வில். இப்போது பல்லை அழுத்தினால் நார் விறைத்து எலும்பை இழுக்கிறது, நசுக்குவதில்லை. எலும்புக்கு இழுவை ஒத்துக்கொள்ளும், தொடர்ந்த அழுத்தம் அதைக் கரைக்கும் (பல்லுக்குக் கிளிப் போட்டு நகர்த்துவதே இந்தக் குணத்தை வைத்துத்தான்). எண்ணிக்கையிலும் இவைதான் அதிகம், அதனால் நெருக்கமாக வரையுங்கள்.

படி 4: வேர்நுனியிலிருந்து விசிறி போல் குழியின் அடிக்குச் சில கோடுகள், இரு வேர்களும் பிரியும் கவட்டையிலிருந்து நடு எலும்புக்குச் சில. சரி, ஐந்தும் வந்தாயிற்று.

படி 5: ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளையும் திசுவுக்குள் கொஞ்சம் நுழைத்துவிடுங்கள். அந்தப் புதைந்த பகுதிதான் ஷார்பி நார். சிமெண்டம் பக்கம் மெல்லியதாக நிறைய, எலும்புப் பக்கம் தடியாகக் குறைவாக.

பின்சேர்க்கை: ஒருவர் இதையே மேல் பல்லுக்கு வரைந்து, எல்லாம் தலைகீழாக வருகிறது என்று எழுதியிருந்தார். தப்பு என்னுடையது. ‘மேலே’ என்பதைக் கிரீடம் (பல்லின் வெளியே தெரியும் பகுதி) பக்கம் என்றும், ‘கீழே’ என்பதை வேர்நுனி பக்கம் என்றும் வாசியுங்கள். இன்னொருவர், பல்லிலிருந்து பக்கத்துப் பல்லுக்குப் போகும் டிரான்ஸ்செப்டல் நார் எங்கே என்று கேட்டார். அது எலும்பில் பதியாமல் அதன் மேலாகத் தாண்டிப் போகிறது, அதனால் நான் ஈறு நார்களோடு சேர்க்கிறேன். சில பாடநூல்கள் இதையும் சேர்த்து ஆறு என்கின்றன, தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள்.