தொற்று வார்டில் படுத்திருப்பவருக்கு போனிலேயே துணையாக இருப்பது எப்படி

தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஒருவருக்குக் காசநோய் முற்றி மூச்சுத்திணறல் வரை போய்விட்டால், முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து தேவைப்பட்டால் மதுரை அல்லது மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை என்று ஆளை அனுப்புவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். வீட்டில் ஒருவர் கடலுக்குப் போக வேண்டும், ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், போனாலும் தொற்று வார்டுக்குள் விட மாட்டார்கள். கொரோனா காலத்தில் இதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே உள்ளே இருப்பவருக்கு மனுஷக் குரல் என்றால் பெரும்பாலும் போன்தான். அந்தப் போனை வைத்து உறவுக்காரர், சேக்காளி, பங்கு இளைஞர், ஜமாத்துப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் என்ன செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று: சொன்ன நேரத்துக்கு அழையுங்கள். காலை பத்தரை என்றால் பத்தரை. வார்டில் பகலும் ராத்திரியும் ஒரே வெளிச்சத்தில் ஓடுகிறது, ஊசி போட வருகிறவர் யார், டாக்டர் எப்போது வருவார் என்று எதுவும் அவர் கையில் இல்லை, இந்த ஒரு அழைப்பாவது நேரத்துக்கு வரும் என்று தெரிந்தால் அதற்கு முன்னால் முகம் கழுவி, தலை சீவி உட்காருவார். ஒரு நாள் ஒரு மணி நேரம் பேசிவிட்டு நாலு நாள் காணாமல் போவதைவிட தினமும் பத்து நிமிஷம் மேல். ரவுண்ட்ஸ் நேரம், சாப்பாட்டு நேரம், மருந்து நேரம் என்ன என்று வார்டு நர்ஸிடம் கேட்டு அது போக மிச்சத்தில் நேரம் குறியுங்கள். அழைக்க முடியாத நாளில் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முக்கியமாக நீங்களே கடலுக்குப் போகிறவராக இருந்தால், டோக்கன் எடுத்துப் போகும் நாளில் யார் அழைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யார் அழைப்பது? இரண்டு பேர் போதும். நோய் என்று கேள்விப்பட்டதும் ஊரே அழைக்கும், எல்லோருக்கும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி மூச்சு வாங்கும். அதனால் வீட்டில் ஒருவர் விஷயங்களைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும், இன்னொருவர் மனசுக்குப் பேச மட்டும் இருக்கட்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிள்ளைகள் துபாயிலும் ஷார்ஜாவிலும் இருப்பார்கள், வாப்பா ஆஸ்பத்திரியில் என்றதும் அங்கே இருப்புக் கொள்ளாது. அமீரகத்தில் வாட்சப் கால் பொதுவாகப் போகாது, போட்டிம் மாதிரி அங்கே அனுமதி உள்ள ஆப்பை வாப்பாவின் போனில் அட்மிஷனுக்கு முன்பே ஏற்றி ஒரு முறை பேசிப் பாருங்கள். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், டியூட்டி முடிந்து அவர்கள் ஓய்வாக அழைக்கிற நேரத்தில் இங்கே வார்டில் விளக்கை அணைத்திருப்பார்கள். அப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், காலையில் கேட்டுக்கொள்வார்.

பைக்குள் என்ன வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீள வயர் உள்ள சார்ஜர், பவர்பேங்க், வயர் வைத்த இயர்போன். ப்ளூடூத் வேண்டாம், அதற்கும் சார்ஜ் போட வேண்டும், தொலைந்தும் போகும். ஒரு காகிதத்தில் முக்கியமான நம்பர்களைப் பெரிதாக எழுதிப் பைக்குள் வையுங்கள், போன் செத்துப்போனால் நர்ஸ் போனிலிருந்தாவது அழைக்க உதவும். போனைத் துடைக்க ஆல்கஹால் வைப் இருந்தால் நல்லது. கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கும், அல்லது வீட்டுக்காரர் கையில்தான் ஸ்மார்ட்போன் இருக்கும். பட்டன் போனே போதும், ஆனால் அந்த போன் அவர் கையிலேயே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீடியோ கால் எப்போதும் நல்லது என்று நான் நினைக்கவில்லை. மூக்கில் குழாய், இளைத்த முகம், அதைத் தன் பிள்ளைகள் பார்ப்பதைப் பலர் விரும்புவதில்லை. "முகம் பாக்கலாமா, இல்ல சும்மா பேசலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஆக்சிஜன் மாஸ்க்கில் இருப்பவரைப் பேச வைக்காதீர்கள். நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். இன்றைக்கு என்ன மீன் ஏறியது, நண்டு விலை என்ன, யார் வலையை ஓங்கில் (டால்பின்) கிழித்தது என்று ஊர்ச்செய்தியைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனால் போதும்.

இனி பேச்சு. "தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது" என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், கேட்கிறவருக்கு அது பேச்சை மூடுகிற மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாக, "ராத்திரி எப்படிப் போச்சுண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும், இருமுவார், அழுவார், அந்த இடைவெளியை நீங்கள் நிரப்ப வேண்டாம். பயமாக இருக்கிறது என்றால் "எது பயமா இருக்கு?" என்று அடுத்த கேள்வி. தொண்ணூறு சதவீதம் பேச்சை அவரிடம் விடலாம். உலக சுகாதார நிறுவனம் மனநல முதலுதவிக்குச் சொல்லும் வழியும் இதுதான்: கவனி, காது கொடு, தேவையான உதவியோடு இணைத்துவிடு.

அந்த மூன்றாவது விஷயத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தொற்று நோயாளியின் மனசை அரிப்பதில் பாதி கையால் தீர்க்கக்கூடிய காரியம். "என்னால வீட்ல பிள்ளைகளுக்கும் வந்துருச்சோ" என்று ஒருவர் புலம்பினால், வராது என்று சத்தியம் செய்யாதீர்கள். காசநோய் என்றால் வீட்டில் உள்ள எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்யுங்கள், நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து தரும் ஏற்பாடு அரசுத் திட்டத்தில் இருக்கிறது, முடிவு வந்ததும் அதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், குழுக் கடன் தவணை, பையனின் ஸ்கூல் ஃபீஸ் என்று கவலைகள் வரும். எல்லாவற்றையும் தீர்க்க முடியாது, ஒன்றை எடுத்துப் பேசி முடித்து "குழுவில இந்த மாசம் பொறுத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லுங்கள். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஊரில் சாவு விழுந்தால்? மறைத்து வைத்தால் எப்படியும் பக்கத்துப் படுக்கைக்காரர் போன் வழியாகத் தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். முதலில் வார்டு டாக்டரிடம் கேளுங்கள், இப்போது சொல்லலாம் என்றால் பகல் நேரத்தில், நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது, மிக நெருங்கிய ஆள் சொல்லட்டும்.

மனசை அமைதிப்படுத்தும் பயிற்சிகள் போனில் நடக்குமா என்று கேட்டால், நடக்கும். 2020இல் சீனாவின் ஹாங்சோ நகரில், கொரோனா வார்டில் இருந்த 26 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் மூச்சுப் பயிற்சி, உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது, பத்திரமான ஓர் இடத்தை மனதில் காண்பது, பட்டாம்பூச்சி அணைப்பு ஆகியவற்றை இணையம் வழியாக இரண்டு வாரம் தந்து பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத காரியம். பட்டாம்பூச்சி அணைப்பு 1998இல் மெக்சிகோவில் புயலில் தப்பிய பிள்ளைகளுக்காக உருவானது. 1964 தனுஷ்கோடி புயலைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட நமக்கு அந்தப் பிள்ளைகளின் நிலை புரியும். இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்து வலது, இடது என்று மாற்றி மாற்றி மெதுவாகத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தால் இது வேண்டாம், விரலால் தொடையில் தட்டினாலும் சரி. மூச்சுப் பயிற்சியில் ஒரு எச்சரிக்கை: நுரையீரல் நோயாளியை மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள். டாக்டர் சரி என்றால், மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடட்டும், இருமலோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான பகுதி. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்றைக்குத் திடீரென்று பகலை ராத்திரி என்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார், தொடர்பில்லாமல் உளறுகிறார் என்றால் அது மனசு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடாதீர்கள். கடுமையான காய்ச்சலிலும் ஆக்சிஜன் குறையும்போதும் மூளை அப்படிக் குழம்பும். உடனே இன்னொரு போனில் வார்டை அழைத்து நர்ஸிடம் சொல்லுங்கள். காத்து, கருப்பு என்று பேச்சை எடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப்போனதைப் பார்த்த மாவட்டம் இது. பிரார்த்தனை செய்யுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, மருத்துவத்தைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

அப்புறம் குடி. தினமும் குடித்துப் பழகியவர் அட்மிஷன் ஆனதும் அது சட்டென்று நின்றுவிடுகிறது, இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துகளும் மனசைப் புரட்டும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தருகிற சைக்ளோசெரின் சிலருக்கு மனச்சோர்வு, சந்தேகம், காதில் குரல் கேட்பது வரை கொண்டுபோகும், ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். நோயாளி தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டருக்குத் தெரிந்தால் அவர் மாற்றுவார்.

மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு இதெல்லாம் தொற்றிலேயே வரும், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. பேரப்பிள்ளை குரலைக் கேட்டும் நாட்டம் இல்லை, "நான் எல்லாருக்கும் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், குணமாகும் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை என்றால் கவனிக்க வேண்டும். அப்போது நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை, பலர் யாராவது கேட்டார்களே என்று ஆறுதல்தான் அடைகிறார்கள். ஆமாம் என்றால் போனை வைக்காதீர்கள், அவரோடு பேசிக்கொண்டே வீட்டில் இன்னொருவரை வார்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பயிற்சி பெற்றவர் உதவி தேவை என்றால் டெலிமனஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை இருக்கிறது, எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம். முதலில் கவுன்சிலர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். வீட்டு ஆட்களும் தங்களுக்காக அழைக்கலாம். நோயாளி அழைப்பதற்கு முன் ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரைகளின் பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அங்கேயே மனநலப் பிரிவு இருக்கும், வார்டு டாக்டரிடம் கேட்டால் வந்து பார்ப்பார்கள். தனியார் ஆப் வழியாகப் போவதானால் பேசுகிறவரின் தகுதியையும் பதிவு எண்ணையும் கேட்டுவிடுங்கள்.

பொது வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் காதில் எல்லாம் விழும். அதனால் அவர் இயர்போன் போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் ஆமா, இல்லை என்று பதில் சொல்கிற மாதிரிக் கேளுங்கள்: "ராத்திரி அழுதீங்களா?", "மாத்திரை போட்டதும் படபடன்னு வருதா?" அவர் போட்டோவையோ ரிப்போர்ட்டையோ ஊர் குரூப்பில் போடாதீர்கள், பிரார்த்தனைக்காகக்கூட வேண்டாம். நோயின் பெயர் வெளியே போனால் பெண்ணுக்கு வரன் தட்டும், டீக்கடையில் கிளாஸைத் தனியாக வைப்பார்கள், அது அவருக்கும் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அழைப்பை நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, படகில் ஏற்றிக்கொள்ளவில்லை என்ற அடி விழுகிறது. காசநோயில், மருந்து வேலை செய்யத் தொடங்கியவர்களுக்குப் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால் படகுக்காரரிடம் நீங்களே போய் அதைச் சொல்லுங்கள், அவர் வாயால் கெஞ்ச வைக்காதீர்கள். தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள், பிறகு வாரம் ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் அடுத்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வையுங்கள். ஆறு மாத மாத்திரை என்றால் அது முடியும் வரைக்குமாவது.