போக்கரில் நல்ல கை வந்தால் பதுங்காதீர்கள்: முழுத் தொகையையும் வாங்கும் முறை

கைகளின் தரவரிசையும் பிளைண்டு முறையும் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்ற தீபாவளி இரவு, உறவினரின் நாலறை வீட்டில், 10 காசு, 20 காசு பிளைண்டுடன் ஆளுக்கு 20 வெள்ளி வைத்து டெக்சஸ் ஹோல்டம் ஆடினோம். (சிங்கப்பூரின் 2022-ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேரில் அமர்ந்து ஆடலாம், வீட்டுக்காரர் கமிஷன் பிடிக்கக் கூடாது.) இரண்டு ஏழுகளை வைத்து 60 காசுக்கு உயர்த்தினேன், பெரிய பிளைண்டில் இருந்த மச்சான் மட்டும் அதே தொகையைப் போட்டுக் கால் செய்தார். ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ராஜா, ஏழு, இரண்டு. கையில் ஜோடி இருந்தாலும் ஃப்ளாப்பில் செட், அதாவது ஒரே எண்ணில் மூன்று சீட்டு, அமைவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒரு முறைதான். மச்சான் பயந்து சீட்டைப் போட்டுவிடக் கூடாதே என்று நானும் பணம் கட்டாமல் செக் செய்தேன். டர்னில் (நான்காம் சீட்டில்) 90 காசு, ரிவரில் (ஐந்தாம் சீட்டில்) 2 வெள்ளி கட்டினேன். அவர் ராஜா, ராணியைத் திறந்து காட்டியபோது, ஃப்ளாப்புக்குப் பின் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்திருந்தது 2 வெள்ளி 90 காசு மட்டுமே.

முதலில் பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்த பணத்தை, எண்ணுங்கள்: 60, 60, கைவிடப்பட்ட சின்ன பிளைண்டு 10, ஆக 1 வெள்ளி 30 காசு.

அடுத்து, மூன்று சுற்றிலும் பாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கட்டுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இது என்பதால் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். ஃப்ளாப்பில் 90 காசு கட்டி அவர் கால் செய்தால் பாட் 3.10 ஆகிறது; டர்னில் 2 வெள்ளி கட்டினால் 7.10, ரிவரில் 5 வெள்ளி கட்டலாம். மொத்தம் 7.90. ஒவ்வொரு பந்தயமும் முந்தைய பாட்டின் மீது வளர்வதால், ஃப்ளாப்பில் செக் செய்தவர் இழப்பது தொடக்கத்து 90 காசை அல்ல, கடைசியில் வரவேண்டிய 5 வெள்ளியை.

பிறகு, எந்தத் தாழ்ந்த கை கால் செய்யும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பில் இரண்டு ஹார்ட்டின் கிடந்தால் இன்னும் பெரிதாகக் கட்டுங்கள். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் அது அமையும் வாய்ப்பு சுமார் 19 விழுக்காடு. இப்போது கொடுப்பார், ரிவரில் சீட்டு வராவிட்டால் கொடுக்கமாட்டார்.

பாட்டை எண்ணக் கைபேசிச் செயலிகளை மேசையில் வைப்பதை நான் விரும்புவதில்லை. கனமான களிமண் சிப்ஸை ஐந்தைந்தாக அடுக்கினால் பாட் கண்ணாலேயே தெரியும். லேசான பிளாஸ்டிக் சிப்ஸ் சரிந்து கணக்கைக் கெடுக்கின்றன.

பிற்சேர்க்கை: கட்டியவுடன் எல்லாரும் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பெரும்பாலும் அவர்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. செக் செய்வது பொருந்தும் இடமும் உண்டு: கையில் இரண்டு ராஜா இருக்க, ஃப்ளாப்பிலும் இரண்டு ராஜா விழுந்தால், கால் செய்யத் தக்க சீட்டெல்லாம் உங்களிடமே இருக்கிறது, அப்போது ஒரு சுற்று காத்திருந்து, எதிராளிக்கு ஒரு ஜோடியாவது அமைய விடுங்கள்.